டி டிரைவ் எங்கும் போகவில்லை

மண்டபத்தில் கருவாடு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர் காலை ஏழு மணிக்கே தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, நான்கு வருடக் கணக்கும் போய்விட்டது. டி டிரைவில் ஒன்றுமே இல்லை.” மெதுவாகிப் போயிருந்த கம்ப்யூட்டருக்கு முந்தின நாள் மாலைதான் யாரோ ஒரு பையனை வரவழைத்து, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். காலையில் கணக்கு மென்பொருளைத் திறந்தால் தரவைக் காணவில்லை என்கிறது. டி டிரைவைச் சொடுக்கினால் டிவிடியைச் செருகச் சொல்கிறது. மனிதருக்கு வியர்த்துவிட்டது.

போய்ப் பார்த்தேன். கணக்கு முழுவதும் ஈ டிரைவில் பத்திரமாக இருந்தது. டி என்ற எழுத்தை, பல வருடங்களாக யாரும் திறக்காத டிவிடி தட்டு எடுத்துக்கொண்டிருந்தது. ஈயை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “என்னிடம் ஈ கிடையாதே தம்பி” என்றார். ஒரு கருவாட்டுக் கடைக்காரர் இதைச் சொன்னதும் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. எழுத்துகளை மாற்றிக் கொடுக்க இரண்டு நிமிடம். ஏன் இப்படி ஆனது என்று டீ குடித்துக்கொண்டே அவருக்கு விளக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸை மறுபடி போடும் வேலை இப்போது ஊரெங்கும் நடக்கிறது. இதே பதற்றத்தோடு எனக்கு வரும் அழைப்புகளும் கூடிவிட்டன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: சி, டி, ஈ என்ற எழுத்துகள் அந்தந்த டிரைவில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. தரவு டிஸ்க்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. விண்டோஸ் தனக்கென்று ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. அதில் ‘மவுன்டட் டிவைசஸ்’ என்ற பகுதியில், இன்ன அடையாளம் உள்ள பார்ட்டிஷனுக்கு (அதாவது டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதிக்கு) இன்ன எழுத்து என்று ஒரு பட்டியல் இருக்கும். டிரைவ் எழுத்து என்பது அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரி, அவ்வளவுதான். பதிவேடு இருப்பதோ சி டிரைவில். சியை ஃபார்மட் செய்யும்போது பட்டியலும் சேர்ந்து அழிகிறது. புதிய விண்டோஸ் வெற்றுப் பதிவேட்டோடு உட்கார்ந்து, கண்ணில் படுகிற வரிசையில் எழுத்துகளைக் கொடுக்கத் தொடங்குகிறது.

அண்ணனுக்கு இதை ராமேசுவரம் டோக்கனை வைத்துத்தான் விளக்கினேன். விசைப்படகுகள் கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு போகின்றன. படகில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் பதிவு எண் வேறு, அன்றைக்குக் கைக்கு வரும் டோக்கன் வேறு. பழைய டோக்கன் நோட்டு தொலைந்து, புது நோட்டில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று நான்காவதாக நின்றவர் இன்று ஐந்தாவதாகிவிடலாம். அதனால் படகு மாறிவிடுவதில்லை. வலையும் ஐஸ் பெட்டியும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. டிரைவ் எழுத்து என்பது டோக்கன். அண்ணன் டோக்கனைப் பார்த்துவிட்டுப் படகே மூழ்கிவிட்டது என்று அழுதிருக்கிறார்.

அப்படியானால் டிஸ்க்குக்குப் பெயின்ட் எண் எது? அதுவும் இருக்கிறது. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கின் தொடக்கத்தில் நான்கு பைட் அளவில் ஒரு கையொப்ப எண் இருக்கும். அதையும் பார்ட்டிஷன் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து விண்டோஸ் அடையாளம் வைத்துக்கொள்கிறது. ஜிபிடி என்ற புதிய முறையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 128 பிட் நீளத்தில் தனி அடையாள எண் உண்டு. இவை மனிதர்கள் படிப்பதற்கானவை அல்ல. நமக்கென்று இருப்பது லேபிள், அதாவது டிரைவுக்கு நாம் சூட்டும் பெயர். அது ரெஜிஸ்ட்ரியில் இல்லை, அந்தப் பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதப்படுகிறது. விண்டோஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அது அழியாது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்தப் பெயர் ‘நியூ வால்யூம்’ என்றோ ‘லோக்கல் டிஸ்க்’ என்றோதான் கிடக்கிறது. படகு வாங்கிப் பெயர் எழுதாமல் விடுவோமா?

ஆகவே விண்டோஸை அழிக்குமுன் முதல் வேலை, ஒவ்வொரு டிரைவையும் வலது சொடுக்கு செய்து ‘ரீநேம்’ கொடுத்துப் பெயர் வைப்பது. கணக்கு, படங்கள், பழையது, எதுவானாலும் சரி. தமிழிலேயே எழுதலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நிறுவும்போது வரும் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியக்கூடும் என்பதால், இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் ஆங்கில எழுத்துகளில்தான் பெயர் வைக்கிறேன். அடுத்து, விண்டோஸ் சாவியையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறந்து, அந்தத் திரையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்க் எவ்வளவு பெரியது, எந்தப் பார்ட்டிஷனுக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் அந்த ஒரே படத்தில் வந்துவிடும். டிரைவில் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் அதன் மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாவி இல்லாவிட்டால் எழுத்து சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது.

இனி வருவதுதான் உண்மையில் ஆபத்தான இடம். பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரைக்கு வந்தால், அங்கே சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1’, ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 2’, ‘டிஸ்க் 1 பார்ட்டிஷன் 1’ என்று எண்கள்தான் வரிசையாக நிற்கும். பக்கத்தில் மொத்த அளவும் மீதமுள்ள இடமும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், 0 என்றால் முதல் டிஸ்க், முதல் டிஸ்க் என்றால் சி என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது தப்புக் கணக்கு. கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பால் ஆன டிஸ்க்) ஒன்றும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் இருந்தால், விண்டோஸ் இருக்கிற எஸ்எஸ்டி 1 ஆகவும் தரவு இருக்கிற ஹார்ட் டிஸ்க் 0 ஆகவும் வரலாம். எந்தக் கம்பி எந்தத் துளையில் செருகியிருக்கிறது, மதர்போர்டு எதை முதலில் காட்டுகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

கீழக்கரையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு பாய் வீட்டில் இதை நான் கண்ணால் கண்டேன், சொந்தக் கைவேலையாக. டிஸ்க் 0இல் இருந்த பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ‘டிலீட்’ கொடுத்தேன். பட்டியலில் ‘அன்அலொகேட்டட் ஸ்பேஸ் 931.5 ஜிபி’ என்று ஒரு வரி வந்தது. அவருடைய எஸ்எஸ்டி 256 ஜிபிதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடக் கல்யாணப் படங்கள். பாய் பின்னால் நின்று, “முடிந்ததா தம்பி?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் மின்சாரத்தை அணைத்தேன். நல்லவேளை, ‘நெக்ஸ்ட்’ அழுத்தவில்லை. பார்ட்டிஷனை நீக்கும்போது அதன் எல்லையைக் குறிக்கும் வரிதான் அழிகிறது, உள்ளே இருக்கும் கோப்புகள் மேல் உடனே எதுவும் எழுதப்படுவதில்லை. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப்போய் வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் அன்று இரவே பார்ட்டிஷனை மீட்டுவிட்டேன். பாயிடம் உண்மையைச் சொன்னது மீட்ட பிறகுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்டியாக இருந்து, ஃபார்மட்டும் செய்திருந்தால் கதை வேறு. ஃபார்மட் செய்தவுடன் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை எஸ்எஸ்டிக்கு அனுப்பிவிடும். பிறகு மீட்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

அதனால் அந்தத் திரையில் எண்ணைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். அதிலும் ஒரு சிறு வம்பு உண்டு. பெட்டியில் 1 டிபி என்று போட்டிருப்பதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். 500 என்பது 465 ஆகும், 256 என்பது 238 ஆகும். யாரும் திருடவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. பட்டியலில் 100 எம்பி, 16 எம்பி என்று வரும் பொடிப் பார்ட்டிஷன்களைக் கண்டும் மிரள வேண்டாம். கம்ப்யூட்டர் தொடங்குவதற்கும் மீட்புக்கும் விண்டோஸ் தனக்காக ஒதுக்கிக்கொண்ட இடங்கள் அவை, அவற்றுக்கு வழக்கமாக எழுத்தே கிடையாது. நீங்கள் வைத்த லேபிளும் பெரும்பாலும் பார்ட்டிஷன் எண்ணுக்குப் பக்கத்திலேயே தெரியும். தெரியாவிட்டால் ஷிஃப்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை திறக்கும். ‘டிஸ்க்பார்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து, அடுத்த வரியில் ‘லிஸ்ட் வால்யூம்’ என்று அடித்தால் லேபிள், அளவு எல்லாம் பட்டியலாக வரும். பார்த்துவிட்டு ‘எக்ஸிட்’ கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். டிஸ்க்பார்ட்டில் வேறு எதையும் விளையாட்டுக்கு அடிக்கக் கூடாது. ‘கிளீன்’ என்று ஒரு கட்டளை அதில் இருக்கிறது. அது உறுதியா என்று ஒரு முறைகூடக் கேட்காமல் முழு டிஸ்க்கையும் காலி செய்துவிடும்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடப் பெரிய பாதுகாப்பு ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான். மேசைக் கம்ப்யூட்டராக இருந்தால் மூடியைத் திறந்து, தரவு டிஸ்க்கின் கம்பியை உருவிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லாத டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது. இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு டிஸ்க்கும் இணைந்திருந்தால் விண்டோஸ் ஓரிடத்திலும் அதைத் தொடங்கிவைக்கும் சிறு பார்ட்டிஷன் இன்னொரு டிஸ்க்கிலுமாகப் போய் உட்காருவது உண்டு. ஒரு வருடம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும்போது கம்ப்யூட்டரே எழாது, காரணமும் யாருக்கும் நினைவிருக்காது. மூடியைத் திறந்த கையோடு கம்பி முனைகளையும் பார்த்துவிடுங்கள். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கடலோரக் கடைகளில் நான் திறந்த பெட்டிகள் பலவற்றில் உப்புக்காற்று பட்டு முனைகள் பச்சை பூத்திருந்தன. தொடர்பு சரியாக இல்லாத டிஸ்க் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அது எழுத்துக் குழப்பம் அல்ல. டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலோ, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் திரையிலோ டிஸ்க்கே தெரியவில்லை என்றால் கம்பியைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க் தெரிந்து, எழுத்து மட்டும் மாறியிருந்தால்தான் இந்தக் கட்டுரை உதவும்.

பென் டிரைவிலிருந்து தொடங்கி நிறுவினால், எந்தப் பார்ட்டிஷனில் போட்டாலும் இன்றைய விண்டோஸ் தன் இடத்தைச் சி என்றே அழைத்துக்கொள்ளும். ஆகச் சி பற்றிக் கவலையில்லை. டி முதல்தான் இழுபறி. டிவிடி தட்டு, கார்டு ரீடர், மறந்து செருகியே விட்ட பென் டிரைவ் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. எது முந்துகிறதோ அதற்கு டி.

சரிசெய்வது எளிது. ஆனால் மென்பொருள்களை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மண்டபத்து அண்ணன் கம்ப்யூட்டரில் நான் செய்தது இதுதான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். இரண்டு டம்ளரில் இருக்கும் பாலையும் மோரையும் மாற்றி ஊற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் அல்லவா, அதுபோல முதலில் டியை விடுவிக்க வேண்டும். டிவிடிப் பெட்டியை வலது சொடுக்கு செய்து ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, பிறகு ‘சேஞ்ச்’ கொடுத்து, அதற்கு ஆர் என்ற எழுத்தைத் தந்தேன். இசட் தரவில்லை, ஏனென்றால் நெட்வொர்க் டிரைவுகளை இணைக்கும்போது விண்டோஸ் இசட்டிலிருந்துதான் பின்னோக்கி வரும். பிறகு கணக்கு இருந்த ஈயை அதேபோல் சொடுக்கி டி ஆக்கினேன். சில மென்பொருள்கள் வேலை செய்யாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். நமக்கு அது நல்ல செய்தி, டியைத் தேடி வேலை செய்யாமல் நின்ற மென்பொருளுக்காகத்தானே இதைச் செய்கிறோம். எழுத்தை மாற்றுவதால் ஒரு கோப்பும் அழியாது. கணக்கு மென்பொருளைத் திறந்தார், நான்கு வருடமும் வரிசையாக வந்து நின்றன. ஆவணங்கள், படங்கள் கோப்புறைகளை டியில் வைத்துப் பழகியவர்களுக்கும் இதே மருந்துதான்.

சியை மட்டும் இப்படி மாற்ற முடியாது, விண்டோஸ் விடாது. பழைய விண்டோஸுக்குள் இருந்துகொண்டே நிறுவும் நிரலை ஓட்டி வேறு பார்ட்டிஷனில் புதிதாகப் போட்டவர்களுக்கு, புது விண்டோஸ் எஃப் என்றோ ஜி என்றோ அமைந்துவிடுவது உண்டு. பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கார்டு ரீடர் செருகியிருந்தாலே போதும், இந்தக் கூத்து நடந்துவிடும். ரெஜிஸ்ட்ரிக்குள் புகுந்து அந்த எஃப்பைச் சி ஆக்கும் வித்தைகளைச் சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். விண்டோஸுக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் எஃப் என்று முகவரி எழுதப்பட்டிருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் வழி தெரியாமல் நிற்கும். ஒன்று எஃப்போடு வாழப் பழகுங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. இல்லையென்றால் பென் டிரைவிலிருந்து தொடங்கி மறுபடி போடுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இதில் குழம்பவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு, பென் டிரைவிலிருந்து தொடங்கிப் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் தன்னையே சி என்று சொல்லிக்கொள்ளும்.

பழுது பார்க்கும் மீட்புத் திரையிலும் தனி டோக்கன் நோட்டுதான். அங்கே ஓடும் குட்டி விண்டோஸ் தனக்கு எக்ஸ் என்ற எழுத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்குத் தன் இஷ்டப்படி எழுத்துக் கொடுக்கும். உங்கள் வழக்கமான சி அங்கே டி ஆகவும், டி அங்கே சி ஆகவும் இருக்கலாம். வீடியோவைப் பார்த்துக்கொண்டே அங்கே ‘ஃபார்மட் சி’ என்று அடிப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எதை அடிக்குமுன்னும் லிஸ்ட் வால்யூம்.

தொலைபேசியில் இந்த வேலையைச் சொல்லித்தருவது இன்னொரு சோதனை. பி, டி, ஈ, ஜி எல்லாம் கடல் காற்றில் ஒரே ஒலியாகத்தான் கேட்கும். போதாததற்குத் தமிழில் எழுதி அனுப்பினால் ‘டி’ என்பது ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தா இருபதாவதா என்று தெரியாது. ஆகவே எழுத்தைக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். “என்ன பெயர் போட்டிருக்கிறது? எத்தனை ஜிபி?” இந்த இரண்டைத்தான் கேட்கிறேன்.

டீ முடியும் நேரத்தில் மண்டபத்து அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “சி இருக்கிறது, டி இருக்கிறது, ஏயும் பியும் எங்கே தம்பி?” நல்ல கேள்வி. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃபிளாப்பி என்ற நெகிழ்வட்டுதான், ஏ, பி இரண்டும் அதற்குப் போயின. 1983இல் 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு பிசி எக்ஸ்டி வந்தபோது மிச்சமிருந்தது சி. ஃபிளாப்பி போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் நாற்காலிகள் இன்னும் காலியாகவே இருக்கின்றன. விண்டோஸ் தானாக வேறு யாருக்கும் அவற்றைக் கொடுப்பதில்லை, நாம் கையால் கொடுக்கலாம். அவர் வாரம் ஒரு முறை கணக்கை நகலெடுத்து வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் மேல் வெள்ளை பெயின்ட்டால், படகுக்கு எழுதுவதுபோலவே, ‘கணக்கு’ என்று அவரே எழுதிவிட்டார்.